ரயில் அதிர்வுக் கணக்கு தப்பும்போது எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக

ரயில் அதிர்வைக் கணித்துச் சொல்லும் வேலையில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை மென்பொருளில் பிறப்பதில்லை. அதிர்வெண்ணைக் குறித்து வைக்கிறார்கள், வண்டி என்ன வேகத்தில் போனது என்பதை யாரும் குறிப்பதில்லை, வில்லங்கம் அங்கேதான். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். அது பெட்டியின் நீளமா, சக்கரத்தின் சுற்றளவா, ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) இடைவெளியா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வேகம் மாறியும் அதிர்வெண் மாறாமல் நிற்கிறதா? அப்படியானால் ரயில் தட்டிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். ஆடுவது மண்ணோ, மாடித் தளமோ, பாலமோ.

மதுரை ஜங்ஷனில் மறுசீரமைப்பு வேலை நடக்கிறது. பாதையை ஒட்டி லாட்ஜும் ஆஸ்பத்திரியும் அடுக்குமாடியும் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. தேனி, போடிப் பக்கம் பத்து வருஷத்துக்கு மேல் ரயிலே இல்லாமல் இருந்துவிட்டு, 2022-இல் தேனி வரைக்கும் 2023-இல் போடி வரைக்கும் அகலப்பாதையில் வண்டி வந்தது. அந்த இடைவெளியில் பாதையோரம் வீடு கட்டியவர்களுக்கு ரயில் அதிர்வு புது அனுபவம். இந்தப் பக்கத்தில் “அதிர்வு அறிக்கை ஒண்ணு கொடுங்க” என்று கேட்கப்படும் இளம் பொறியாளர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்காரர்களும் படிக்கலாம், கணக்கு வரும் இடத்தைத் தாண்டிப் போனாலும் பாதகமில்லை.

முதலில் கையில் இருக்க வேண்டிய நீளங்கள்

புது வகைப் பயணிப் பெட்டியான எல்.எச்.பி. இணைப்புக்கு இணைப்பு 24 மீட்டர். பழைய நீல ஐ.சி.எஃப். பெட்டி 22.3 மீட்டர். ஒரு போகிக்குள் (பெட்டியைச் சொல்லவில்லை, அதற்கு அடியில் சக்கரங்கள் பூட்டிய சட்டம்) இருக்கும் இரண்டு அச்சுகளின் இடைவெளி எல்.எச்.பி.யில் 2.56, ஐ.சி.எஃப்.பில் 2.896 மீட்டர். புதுச் சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ., சுற்றளவு சுமார் 2.87 மீட்டர். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்என் வேகன் 10.713 மீட்டர். கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் போட்ட பாதையில் இடைவெளி 60 செ.மீ. துண்டுகளை ஃபிஷ்பிளேட் என்ற இரும்புப் பட்டையால் இணைத்த பாதையாக இருந்தால் தண்டவாளத் துண்டு 13 மீட்டர்.

மணிக்கு 60 கி.மீ. என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். அந்த வேகத்தில் எல்.எச்.பி. பெட்டி நீளம் 0.7 ஹெர்ட்ஸ், சக்கரச் சுற்றளவு 5.8, போகி அச்சு இடைவெளி 6.5, ஸ்லீப்பர் 28 ஹெர்ட்ஸ். 110 கி.மீ. வேகத்தில் இதே நான்கும் 1.3, 10.6, 11.9, 51. இவற்றை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். ஐ.சி.எஃப். போகியின் அச்சு இடைவெளியும் சக்கரச் சுற்றளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அலைமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் வரைபடம்) பார்த்து மட்டும் இரண்டையும் பிரிக்கவே முடியாது. எல்லாப் பெட்டியிலும் வருகிறதா, ஒரு பெட்டியில் மட்டும் வருகிறதா என்று நேரக்கோட்டில் பார்த்தால்தான் தெரியும்.

வேகத்தை எப்படி எடுப்பது? போனில் ஒரு கம்பத்தை வைத்து வீடியோ எடுங்கள். பத்து எல்.எச்.பி. பெட்டி கம்பத்தைக் கடக்க 14.4 வினாடி ஆனால் 240 வகுத்தல் 14.4, வினாடிக்கு 16.7 மீட்டர். பிளாட்பாரத்தில் இது போதாது. வண்டி பிரேக் போட்டுக்கொண்டே நுழைவதால் முதல் பெட்டிக்கும் கடைசிப் பெட்டிக்கும் வேகம் வேறு. மொத்த அதிர்வுப் பதிவையும் ஒரே துண்டாக அலசினால் அலைமாலையில் எழும் முனைகளெல்லாம் கரைந்துபோகும். இரண்டு இரண்டு வினாடியாக வெட்டி அலசுங்கள்.

“எந்த வண்டி போனாலும் ஒரே மாதிரிதான் அதிருது, சார்”

பேசஞ்சர், வந்தே பாரத், கூட்ஸ் எது போனாலும் 12 அல்லது 14 ஹெர்ட்ஸில் ஒரே முனை. நீளக் கணக்குக்குப் பிடிபடாது. ஏனென்றால் அது தளத்தின் சொந்த அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் தளம் தானாக ஆடும் அதிர்வெண். ரயில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தளத்தின் நடுவில் நின்று, குதிகாலைத் தூக்கி ஒரே தட்டாகத் தரையில் விடுங்கள். பதிவில் அதே 14 வந்தால் சந்தேகமே வேண்டாம்.

கம்ப்யூட்டர் மாடல் ஒன்று சொல்லி, அளவு வேறு சொல்கிறதா? சுருக்கமான சோதனை இது: சொந்த எடையில் தளம் எத்தனை மி.மீ. தொய்கிறது என்று பாருங்கள், அதன் வர்க்கமூலத்தால் 18-ஐ வகுங்கள். 4 மி.மீ. தொய்வு என்றால் 9 ஹெர்ட்ஸ். 1.6 மி.மீ. என்றால் 14. மாடலின் விடை இதிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் ஓரங்களை முழு இறுக்கமாகக் கொடுத்திருப்பார்கள், இல்லையென்றால் மேலே போட்ட டைல்ஸ், சாந்து எடையைச் சேர்க்க மறந்திருப்பார்கள். அடிப்பகுதியில் விரிசல் விட்ட தளத்துக்கு விரிசலில்லாத விறைப்பைக் கொடுப்பதும் சகஜம்.

தளம் சரி, இல்லை மாடியே இல்லாத கட்டிடம்தான், தரையிலேயே அதே அதிர்வெண் வருகிறது என்றால் மண்ணைப் பாருங்கள். பாறைமேல் கிடக்கும் மென்மண் அடுக்குக்கும் சொந்த அதிர்வெண் உண்டு: குறுக்கலை (மண்ணைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போகும் அலை) வேகத்தை, ஆழத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வரும். வினாடிக்கு 200 மீட்டர் வேகம், 4 மீட்டர் ஆழம் என்றால் 12.5 ஹெர்ட்ஸ். தளத்தின் எண்ணும் மண்ணின் எண்ணும் ஒன்றாக அமைந்துவிட்ட வீட்டுக்காரர் பாவம். அவர் புகாரில் மிகையே இருக்காது.

“ஒரு பெட்டி போகும்போது மட்டும் தட் தட்டுன்னு விழுகுது”

சக்கரத்தில் தட்டை விழுந்திருக்கிறது. பிரேக் பிடித்துச் சக்கரம் சுழலாமல் வழுக்கிய இடம் அது. ஒரு சுற்றுக்கு ஒரு அடி. 60 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு ஆறு தட்டுக்குச் சற்றுக் குறைவாக எண்ணலாம். மாடல் இதைச் சொல்லாது. மாடலில் எல்லாச் சக்கரமும் சராசரிக் கரடுமுரடு கொண்டவை. அந்தப் பதிவைச் சராசரியில் கலக்காமல் தனியே வையுங்கள். பெட்டி எண் தெரிந்தால் ரயில்வேக்குச் சொல்லுங்கள். சக்கரம் கடையப்பட்டால் தொல்லை அன்றோடு தீரும், கட்டிடத்தில் கைவைக்க வேண்டியதில்லை.

“எங்க வீட்டுக்கு நேரா வரும்போதுதான்”

எல்லா வண்டியும், எல்லாச் சக்கரமும், ஆனால் ஒரே இடத்தில். தண்டவாளத்தைப் போய்ப் பாருங்கள், அதாவது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று. வண்டி பாதை மாறும் பாயிண்ட் இருக்கும், தண்டவாளமும் தண்டவாளமும் வெட்டிக்கொள்ளும் கிராசிங் இருக்கும், சிக்னலுக்காகப் பசை போட்டு ஒட்டிய க்ளூட் ஜாயின்ட் இருக்கும். பாலத்துக்கு ஏறும் இடத்தில் மண்கரை தாழ்ந்து, கல்கட்டு தாழாமல், சக்கரம் ஒரு படி ஏறுவதும் உண்டு. நிலையத்துக்குள் இன்னொன்று: பிளாட்பாரப் பாதையில் கழுவிவிட வசதியாக ஜல்லி இல்லாமல் கான்கிரீட் ஏப்ரன் போட்டிருப்பார்கள். ஏப்ரன் முடிந்து ஜல்லி தொடங்கும் இடத்தில் விறைப்பு சட்டென்று மாறுகிறது.

அமெரிக்காவின் பொதுப் போக்குவரத்து அமைப்பான எஃப்.டி.ஏ.வின் 2018 கையேடு, கிராசிங் பக்கத்தில் இருந்தால் 10 டெசிபெல் கூட்டச் சொல்கிறது. மூன்று மடங்குக்குச் சற்று மேல். நிலையக் கட்டிடத்துக்குக் கணிப்பு எழுதும் பலர் நேர்ப்பாதையின் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். நிலையத்தில் நேர்ப்பாதை எங்கே இருக்கிறது? இருபுறமும் பாயிண்ட்தானே.

கணித்ததைவிட அளந்தது பல மடங்கு கூடுதல்

இதுதான் நம் ஊரில் அதிகம் பார்க்கும் கோளாறு. காரணம் நம் காலடியில் இருக்கிறது.

எஃப்.டி.ஏ. முறையில் ஒரு அடிப்படை வளைகோடு இருக்கும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, இத்தனை தூரத்தில், திறந்த தரையில் இவ்வளவு அதிர்வு தரும் என்று அது சொல்லும். அதிலிருந்து கூட்டல் கழித்தல். கட்டிடம் கனமாக இருந்தால் மண்ணின் அதிர்வு முழுதாக ஏறாது என்று கழிப்பார்கள்: ஒன்றிரண்டு மாடிச் செங்கல் கட்டிடத்துக்கு 7 டெசிபெல், மூன்று நான்கு மாடிக்கு 10, சாதாரண அஸ்திவாரத்தில் நிற்கும் பெரிய கட்டிடத்துக்கு 13. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 13 கழித்துவிடுகிறார்கள்.

அதே அட்டவணையில் இன்னொரு வரி இருக்கிறது. பாறைமேல் அஸ்திவாரம் என்றால் கழிக்க வேண்டியது பூஜ்யம். மதுரையைச் சுற்றி நைஸ், சார்னோகைட் பாறை. பல இடங்களில் குழி தோண்டினால் சில மீட்டரிலேயே “பாறை தட்டிருச்சுண்ணே” என்று கொத்தனார் மகிழ்ச்சியாகச் சொல்வார். கட்டிட எடைக்கு அது நல்ல செய்திதான். அதிர்வுக்கு அல்ல. 13 டெசிபெல் என்பது நாலரை மடங்கு. அது மட்டுமில்லை, பாறை வழியே வரும் அலை மண்ணில் வருவதைப்போலச் சீக்கிரம் தேயாது. அதற்காக 15 மீட்டர் தூரத்தில் 2, 30 மீட்டரில் 4, 45 மீட்டரில் 6, 60 மீட்டரில் 9 டெசிபெல் கூட்டச் சொல்கிறார்கள். 60 மீட்டர் தள்ளிப் பாறைமேல் நிற்கும் ஒரு பெரிய கட்டிடத்துக்கு இரண்டையும் விட்டுவிட்டால் 22 டெசிபெல், பன்னிரண்டு மடங்குக்கு மேல் தவறு.

உடனே எல்லோரும் 22 கூட்டிவிடாதீர்கள். கெட்டிப் பாறைமேலேயே பாதை கிடந்தால், ரயிலால் அந்தப் பாறையை அசைப்பதும் கடினம். தொடக்க அளவே குறையும். பாதை மண்கரையிலும் கட்டிடம் பாறையிலும் இருக்கும்போது என்ன ஆகும் என்பதை அட்டவணை சொல்லாது. அளந்துதான் ஆக வேண்டும். ஒரு கனத்த எடையைப் பாதையோரமாக (ரயில்வே அனுமதியோடு) விழவிட்டு, கட்டிடம் வரப்போகும் இடத்தில் வரிசையாக ஜியோஃபோன் (தரை அதிர்வை அளக்கும் கருவி) வைத்து, விசைக்கு எவ்வளவு அசைவு என்று மூன்றிலொரு ஆக்டேவ் பட்டை (அதிர்வெண்களைப் பிரித்த சிறு தொகுதி) வாரியாக எடுங்கள். அதோடு ரயிலின் விசை அடர்த்தியை (பாதையின் நீளத்தில் மீட்டருக்கு ரயில் தரும் விசை) கூட்டினால் கட்டப்படாத கட்டிடத்துக்கும் நம்பத்தக்க கணிப்பு வரும்.

ஆழம் குறைந்த மண், அடியில் பாறை என்ற அமைப்பில் அதிர்வின் குணமும் மாறும். 3 மீட்டர் மண், குறுக்கலை வேகம் 180 என்று வைத்துக்கொண்டால் 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலை சரியாகப் பரவாது. மேலே இருப்பது நன்றாகப் பரவும். அதனால் கட்டில் ஆடுவதில்லை, அறைக்குள் மெல்லிய உறுமல் கேட்கிறது. லாட்ஜில் தங்கியவர் “லாரி ஏதோ ஸ்டார்ட்லயே நிக்குது” என்று ரிசப்ஷனுக்குப் போன் செய்வார். மாடலில் 1 முதல் 20 ஹெர்ட்ஸ் வரை மட்டும் பார்த்துவிட்டு “பிரச்சினை இல்லை” என்று எழுதியிருந்தால் இந்த லாட்ஜ் உங்களைத் திரும்பக் கூப்பிடும். 80 ஹெர்ட்ஸ் வரை பாருங்கள், உறுமலுக்கு 200 வரை.

இரண்டு அறிக்கைக்கும் நடுவில் கச்சிதமாக 28 டெசிபெல்

மண்ணைக் குறை சொல்லாதீர்கள். ஒருவர் வினாடிக்கு ஒரு மைக்ரோ அங்குலத்தை அடிப்படையாக வைத்திருக்கிறார், மற்றவர் வினாடிக்கு ஒரு நானோமீட்டரை. வித்தியாசம் 12-ஐ ஒட்டி இருந்தால் ஒருவர் உச்ச அளவு, இன்னொருவர் சராசரி வர்க்கமூல (ஆர்.எம்.எஸ்.) அளவு. டெசிபெலை விட்டு மி.மீ./வினாடியில் எழுதினால் இந்தச் சண்டையே வராது.

தூரம் கூடியும் குறையவில்லை

பாதையிலிருந்து 20 மீட்டரில் இருப்பதைவிட 40 மீட்டரில் கூடுதலாக வருகிறது. கருவி பழுது என்று முடிவு கட்டும் முன் கருவிகளை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் அடியிலுள்ள பாறையில் பட்டுத் திரும்பும் அலை, தரையின் மேற்பரப்பில் ஓடும் மேலலையோடு சேரும் இடம் அது. எல்லாப் புள்ளிக்கும் நடுவே ஒரே நேர்கோடு இழுத்து “தூரத்துக்கு இவ்வளவு தேய்வு” என்று எழுதினால் அந்த 40 மீட்டர் மறைந்துவிடும். கட்டிடம் அங்கேதான் வரப்போகிறது என்றால்?

திருமங்கலம் தாண்டித் தெற்கே கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கெட்டியாகக் கிடக்கும் மண், ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் களியாகிவிடும். மே மாதம் எடுத்த அளவும் நவம்பரில் எடுத்த அளவும் ஒத்துப்போகாது. அறிக்கையில் மாதத்தையும், அதற்கு முந்தைய வாரம் மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். செல்லூர்ப் பக்கம் வைகைக் கரையின் வண்டல் மணலுக்கும் இது பொருந்தும், ஆற்றில் தண்ணீர் விட்டிருக்கும் நாட்களில் குறிப்பாக.

பாலம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிகம் ஆடுகிறது

மணிக்கு 90 கி.மீ.யில் சும்மா இருக்கிறது, 64-இல் ஆடுகிறது. வேகம் கூடினால் அதிர்வு கூட வேண்டும் என்று நினைப்பவர்களை இது குழப்பும். ஒத்ததிர்வு. பெட்டிகள் ஒரே இடைவெளியில் வருவதால் பாலத்துக்கு ஒரே தாளத்தில் அடி விழுகிறது. பாலத்தின் சொந்த அதிர்வெண்ணை ஒரு பெட்டியின் நீளத்தால் பெருக்கினால் ஆபத்தான வேகம் வரும். அதன் பாதி, மூன்றிலொன்று, நான்கிலொன்றையும் பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24.4 மீட்டர் இரும்புக் கர்டர், சொந்த அதிர்வெண் 5 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பாக்ஸ்என் வேகன் 10.713 மீட்டர். பெருக்கினால் வினாடிக்கு 53.6 மீட்டர், மணிக்கு 193 கி.மீ. எந்தக் கூட்ஸும் அப்படி ஓடாது, நிம்மதி. பாதி 96. மூன்றிலொன்று 64, அது கூட்ஸ் தினமும் ஓடும் வேகம். எல்.எச்.பி. 24 மீட்டர் என்றால் முதல் வேகம் 432, நான்கிலொன்று 108. இங்கே எக்ஸ்பிரஸ் அந்த எண்ணைத் தொடும். நான்காவது படியில் பொதுவாகப் பலம் குறைவு, ஆனாலும் போகிகளின் இடைவெளி ஒத்துழைத்தால் தலைகாட்டும்.

இதுவரை காலிப் பாலத்தின் அதிர்வெண்ணை வைத்துப் போட்டோம். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அச்சுக்கு 22.9 டன் ஏற்றிய பாக்ஸ்என் மீட்டருக்கு எட்டரை டன். ஜல்லியில்லாத இரும்புக் கர்டர், தண்டவாளம், ஸ்லீப்பர் எல்லாம் சேர்த்து மீட்டருக்கு இரண்டரை டன் என்று கொண்டால், வண்டி பாலத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். வண்டி பாலத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டதாக வைத்தால் அதிர்வெண் 5-லிருந்து 2.4-க்கு இறங்கும். அப்போது முதல் ஒத்ததிர்வு வேகம் 193 அல்ல, 93. ஸ்பிரிங் இருப்பதால் வண்டி முழுக்க ஒட்டாது; உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஆகவே மாடலில் வண்டியை நகரும் விசையாக மட்டும் கொடுக்காமல் எடை, ஸ்பிரிங்கோடு கொடுங்கள். காலி ரேக்கும் சுமை ரேக்கும் தனித்தனியாக. வேகத்தை 5 கி.மீ. படியாக ஏற்றிப் பாருங்கள். 20 கி.மீ. படியாகத் தாண்டினால் அந்த 64 நடுவில் நழுவிவிடும்.

அளக்கும்போது கடைசி வேகன் பாலத்தை விட்டு இறங்கிய அடுத்த இரண்டு மூன்று வினாடிதான் தங்கம். பாலம் தனியாக ஆடி அடங்கும் அந்தத் துண்டில்தான் அதன் சொந்த அதிர்வெண்ணும் தணிப்பும் (ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது) சுத்தமாகக் கிடைக்கும். தணிப்புக்குச் சுலப வழி: வீச்சு பாதியாவதற்கு எத்தனை ஆட்டம் என்று எண்ணுங்கள், 0.11-ஐ அந்த எண்ணால் வகுங்கள். பதினோரு ஆட்டம் என்றால் ஒரு சதவீதம். மாடலில் வழக்கமாக 5 சதவீதம் போட்டு வைத்திருப்பார்கள், நிலநடுக்கக் கணக்கிலிருந்து அப்படியே எடுத்தது. ஒத்ததிர்வில் வீச்சு தணிப்புக்குத் தலைகீழாகப் போகும், எனவே ஐந்து மடங்கு பிசகு அங்கேயே.

“சி.டி.ஏ. போட்டாச்சே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?” என்று சீனியர் கேட்பார். சி.டி.ஏ. என்பது ஓடும் வண்டிக்காகப் பாரத்தைக் கூட்டிப் போடும் பங்கு. நம் ரயில்வேயின் பால விதிகளில் அகலப்பாதை இரும்புக் கர்டருக்கு அது 0.15 கூட்டல், 8-ஐ நீளம் கூட்டல் 6-ஆல் வகுத்தது. 24.4 மீட்டருக்கு 0.41. நின்ற பாரத்தைவிட 41 சதவீதம் கூட்டிப் பலம் பாருங்கள் என்று பொருள். பலத்துக்கு அது போதும். எந்த வேகத்தில் ஆடும், ஜல்லி குலுங்கிச் சரியுமா, பக்கத்து அறையில் கண்ணாடி நடுங்குமா என்று அது சொல்லாது. ஐரோப்பிய விதியில் ஜல்லிப் பாதைப் பாலத்துக்கு 3.5 மீ./வினாடி² என்ற முடுக்க வரம்பு தனியாக இருப்பது அதனால்தான். அதற்கு இரு மடங்கில் ஜல்லி பிடிமானம் இழப்பதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள்.

அளந்த அதிர்வெண் மாடலைவிட மேலே இருக்கிறதா? பாலத்தின் முனை உட்காரும் பேரிங்கைப் பாருங்கள். ரோலர் துருவேறி இறுகிப்போனால் நகர வேண்டிய முனை நகராது, பாலம் விறைத்துவிடும். மாடலைத் திருத்துவதைவிட பேரிங்குக்குக் கிரீஸ் போடச் சொல்வது மேல். கீழே இருக்கிறதென்றால், ஜியோஃபோன்தான் வைத்தீர்களா என்று முதலில் பாருங்கள். சாதாரண ஜியோஃபோன் 4.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அடக்கிக் காட்டும். பாலத்துக்கு முடுக்கமானி வேண்டும். பாலத்தின்மேல் வைக்கப் போன் சென்சார்கூடச் சுமாராக உதவும். வீட்டுத் தரைக்கு உதவவே உதவாது.

நடைமேம்பாலம் ரயில் போன பிறகும் ஆடுகிறது

ரயில்மேல் பழி போடும் முன் ஆட்களைப் பாருங்கள். மனித நடை வினாடிக்கு இரண்டு காலடியை ஒட்டியது. வண்டி வந்து நின்று பெட்டிகளிலிருந்து கூட்டம் மொத்தமாக மேம்பாலத்தில் ஏறும்போது 2 ஹெர்ட்ஸில் ஒரு முனை வரும். நின்றுவிட்ட ரயிலின் நீளக் கணக்கில் இந்த எண்ணுக்கு இடமே இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் போய் அளந்தால் ரயிலைத் தேட வேண்டியதே இல்லை. மேம்பாலத்தின் செங்குத்து அதிர்வெண் 5-க்கு மேல் இருந்தால் நடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நிஜமாகவே ரயில்தான் காரணம் என்றால் தூண் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பாதைக்கு நடுவில் பிளாட்பாரத்தில் ஊன்றிய தூணுக்கு, மண் வழியாகத் தேய்ந்து வரும் தூரமே இல்லை. சீனாவின் வுகான் நிலையத்தைப்போல ரயில் பாலமும் நிலையக் கட்டிடமும் ஒன்றாகப் பிணைந்து நிற்கும் அமைப்புகளில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே பாலத்துக்கு ஒரு மாடல், கட்டிடத்துக்கு ஒரு மாடல் என்று பிரிக்கவே கூடாது. பாதைக்கு மேலே காத்திருப்புக் கூடம் கட்டும் எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

50 ஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஒரு முனை

மின்சாரம். ஆனால் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். மணிக்கு 108 கி.மீ. என்றால் வினாடிக்கு 30 மீட்டர், 60 செ.மீ. ஸ்லீப்பர் இடைவெளியால் வகுத்தால் அதுவும் அச்சாக 50. மின்னிரைச்சலை வடிகட்டுகிறேன் என்று ஸ்லீப்பர் அதிர்வையும் சேர்த்து வடித்து ஊற்றிவிட்ட அறிக்கைகள் உண்டு. ரயில் இல்லாதபோதும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பார்கள். போதாது. மேலே ஓடும் மின்பாதையும் 25 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ். என்ஜின் மின்சாரம் இழுக்கும்போது கேபிளில் ஏறும் இரைச்சல் கூடும், ரயிலோடு வந்து ரயிலோடு போகும். சரியான சோதனை: மெதுவாகப் போகும் வண்டிக்குக் காத்திருங்கள். முனை 28-க்கோ 35-க்கோ நகர்ந்தால் ஸ்லீப்பர். 50-லேயே நின்றால் மின்சாரம்.

ஜன்னல் நடுங்குது, தரை நடுங்கல

காற்று வழி வரும் ஒலி. ஜல்லியில்லாத இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் இது சகஜம். கதவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அளந்து பாருங்கள். அஸ்திவார வேலை எதுவும் இதற்கு உதவாது. கண்ணாடிக்கு ரப்பர் பீடிங் மாற்றச் சொல்லுங்கள்.

“சுவரெல்லாம் விரிசல், ரயிலாலதான்”

மனித உடம்பு வினாடிக்கு 0.15 முதல் 0.3 மி.மீ. அதிர்வையே உணர்ந்துவிடும். ஜெர்மனியின் டி.ஐ.என். 4150-3 தரத்தில், 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே வீட்டு அஸ்திவாரத்துக்கான வரம்பு 5 மி.மீ., பழங்கால மண்டபம் போன்றவற்றுக்கு 3. உணர்வதற்கும் சேதத்துக்கும் நடுவே பத்துப் பதினைந்து மடங்குக்குக் குறையாத இடைவெளி. அதனால் வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று ஆகாது. அவர் அதிர்வை உணர்வது நிஜம், விரிசல் இருப்பதும் நிஜம். இரண்டையும் முடிச்சுப் போடுவதில்தான் பிசகு.

விரிசலின் போக்கைப் பாருங்கள். மொட்டை மாடித் தளமும் சுவரும் சேரும் இடத்தில் படுக்கையாக ஓடினால் மதுரை வெயில். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, கோடையில் விரிந்து மழையில் மூடினால் கரிசல் மண். விரிசல் மேல் சிறு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள், பக்கத்தில் அதிர்வுமானியை ஓடவிடுங்கள். கண்ணாடி உடைந்த நாளில் ரயில் அளவு வழக்கம்போல இருந்தால் பேச்சு முடிந்தது.

அகழி வெட்டியும் குறையவில்லை

பாதைக்கும் கட்டிடத்துக்கும் நடுவில் இரண்டு மீட்டர் பள்ளம் வெட்டினால் அதிர்வு நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மேலலையைத் தடுக்கப் பள்ளத்தின் ஆழம் அலைநீளத்தில் 0.6 பங்காவது வேண்டும். மண்ணில் அலை வேகம் வினாடிக்கு 200 மீட்டர், அதிர்வெண் 10 என்றால் அலைநீளம் 20 மீட்டர், பள்ளம் 12 மீட்டர். கிணறு வெட்டுவதற்குச் சமம், அதுவும் நீளவாக்கில். 40 ஹெர்ட்ஸுக்கு 3 மீட்டர் போதும். ஆக உறுமலுக்குப் பள்ளம் உதவலாம், ஆட்டத்துக்கு உதவாது. தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பேட், ஜல்லிக்கு அடியில் மேட் போடுவதும் அப்படித்தான். தாழ்ந்த அதிர்வெண்ணில் அவை ஒன்றும் செய்யாது, தங்கள் சொந்த அதிர்வெண்ணில் கொஞ்சம் கூட்டவும் செய்யும்.

தளத்தின் சொந்த அதிர்வெண்தான் தொல்லை என்று முதல் அறிகுறியிலேயே தெரிந்திருந்தால் வெளியே எதையும் வெட்ட வேண்டாம். தளத்தின் நடுவில் அடியில் ஒரு இரும்புப் பீம் கொடுத்து 9 ஹெர்ட்ஸை 16-க்குத் தள்ளலாம். கீழ் அறை கடையாகவோ கிடங்காகவோ இருந்தால் நடுவே ஒரு தடுப்புச் சுவரை எழுப்பி, தளத்தோடு இறுக்கமாக முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். செலவைக் கேட்டால் வீட்டுக்காரர் அப்போதே சரி என்பார். செய்த பிறகு மறுபடி ஒருமுறை குதிகாலைத் தட்டி, புது எண் போகி அச்சு இடைவெளியின் எண்ணில் போய் உட்காரவில்லையா என்று வழக்கமான வண்டி வேகத்துக்குச் சரிபார்த்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.